முதல் படம், கடைசிப் பெயர்

உப்பு முதலில் கடிப்பது
புத்தகத்தின் முதுகை.
தோலைத் தின்று, நூலைத் தின்று
பசைக்கு வரும்போது ஐப்பசி ஆகிவிடும்.
அதற்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
பழவேற்காட்டு ஏரி ஆய்வு நிலைய நூலகம்,
ஒரு ஸ்கேனர், ஒரு மேஜை விசிறி, நான்.
பக்கத்துக்கு எழுபது காசு,
மடிப்பு விரித்து எடுக்கும் வரைபடத்துக்கு ஒன்றேகால் ரூபாய்.

கீழ்த்தட்டில் ஜாடிகள். திரவம் வற்றி
வாலில் நிற்கிறது ஒரு கிழங்கான்.
மேலே உப்புக் கணக்குப் பதிவேடுகள்:
முகத்துவாரம் தூர்ந்த மாதங்களுக்குச் சிவப்பு மை,
திறந்த மாதங்களுக்கு நீலம்.
யுத்த காலத்தில் இரண்டும் கிடைக்கவில்லை போலும்,
கடுக்காய் மையில் பழுப்பாய் ஓடுகிறது ஏரி
மூன்று வருஷம், திறந்தும் மூடியும், ஒரே நிறத்தில்.

ஐம்பத்து மூன்றில் மாநிலம் பிரிந்தபோது
ஜீப்பில் ஒரு கமிட்டி வந்ததாம்.
ஒற்றைப்படை எண் இந்தப் பக்கம்,
இரட்டைப்படை எண் சூளூர்ப்பேட்டைக்கு.
இரண்டே நாளில் பங்கு முடிந்தது.
ஏணி அவர்களுக்குப் போயிற்று
எட்டாத அலமாரி நமக்கு.
அப்போதைய நூலகர் செங்கல்வராயன்
போன புத்தகத்தின் அட்டைகளைக் கிழிக்கவில்லை.
ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதினார்:
‘இரவல்.’
நாளுக்கு இரண்டு பைசா அபராதம் என்று
எழுபத்தோரு வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஒரு புத்தகத்துக்கு
ஐநூற்றுப் பதினெட்டு ரூபாய்ச் சொச்சம்.
யாரிடம் கேட்பது?

ஏரி மீன்கள் பற்றிய பெரிய நூல் இரண்டு தொகுதி.
நூற்றுப் பதினேழு, வெறும் படங்கள். என்னிடம்.
நூற்றுப் பதினெட்டு, வெறும் விளக்கம். அங்கே.
இருநூற்றுப் பன்னிரண்டு மீன்
பெயரில்லாமல் என் மேஜையில் வாய் திறந்து கிடக்க
மூன்று மணிக்கு மேல் போன் செய்வேன்.
அந்தப் பக்கத்து உதவியாளர் பெஞ்சலய்யா.
“எந்தச் சேப்ப, சொல்லும்மா?”
நான் எண் சொல்வேன், அவர் படிப்பார்.
அவர் வாயில் லத்தீன் எல்லாம் உகரத்தில் போய் நிற்கும்.
“முதலாவது, முகிலு.”
எங்களுக்கு முகில் என்றால் மேகம் என்றேன்.
“மேகமா? இங்கே மடவைன்னு போட்டிருக்கே.”
இருவரும் சிரித்தோம்.
ஏரியில் மேகம் நீந்தாது என்று யார் சொன்னது?

அந்த முதல் படத்தில்தான் துளை.
மடவையின் கண் இருக்க வேண்டிய இடத்தில்
சுத்தமாக, வட்டமாக, மிளகளவு.
ராமபாணப் பூச்சி.
மரம் ஏழு துளைத்த பெயர் அதற்கு.

பதினாறு நாளில் கடைசி மீனுக்கு வந்தோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு: ஒடிசலாக, நீளமாக,
விலாவில் ஐந்து புள்ளி.
“படிக்கிறேன்... ‘இந்தக்கரை வலைகளில் ஒரே ஒருமுறை’...
அப்புறம் ஓட்டை.
பெயர் இருக்கிற இடம்மா. ஓட்டையா இருக்குது.”

எத்தனை பெரிசு?
“மிளகு இருக்கும்.”
மேலே இருந்து?
“நாலு விரல். இரு, போட்டோ அனுப்புறேன்.”

அலமாரியில் முதல் தொகுதியும் இரண்டாவதும்
இடமிருந்து வலமாக ஒட்டி நின்றால்
முதலாவதின் முதல் பக்கமும்
இரண்டாவதின் கடைசிப் பக்கமும்தான்
முகத்தோடு முகம் வைத்திருக்கும்.
நம்பாவிட்டால் இரண்டு புத்தகம் எடுத்து
நிறுத்திப் பாருங்கள்.
ஜீப் வருவதற்கு முன் ஏதோ ஒரு கோடையில்
ஒரு புழு
அங்கே ஒரு பெயரைத் தின்றுவிட்டு
அட்டை இரண்டும் தாண்டி வந்து
இங்கே ஒரு கண்ணைத் தின்றது.
அல்லது கண்ணை முதலில்.

போன் திரையைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.
வெளியே பூநாரைகள் தடா பக்கமாகப் போயின.
அந்தப் பக்கம் பெஞ்சலய்யா இன்னும் லைனில் இருந்தார்,
லாரி ஹாரன் கேட்டது, இருமினார்.
“என்னம்மா போடப் போறே அந்தக் கட்டத்தில்?”

பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
மென்பொருள் அடுத்த பக்கத்துக்கு விடாது.
கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் தட்டினேன்:
‘இரவல்.’