மீதிப் பரிகாரம்

முதலில் தீர்த்தத் தொட்டிகளைக் காலி செய்யச் சொன்னேன்.
"மந்திரித்த தண்ணீராயிற்றே" என்றார் ஃபாதர் கெஸ்லர்.
"தண்ணீர் சரி ஃபாதர், விரல்கள்?"

நான் லூத்தரன்.
பதினொரு வருடமாய் இந்தக் கத்தோலிக்கக் குன்றின்மேல்
காய்ச்சலுக்கு மட்டும் மண்டியிடும் நர்ஸ்.
அவர் வாதாடவில்லை.
ஆனால் சாக்கடையில் விடக்கூடாதாம்,
மண்ணில்தான் ஊற்ற வேண்டுமாம்.

பிப்ரவரி. விஸ்கான்சின்.
மண் எங்கே இருக்கிறது?
இரண்டடிப் பனிக்குக் கீழே, இரும்பாய்.
கடப்பாரையோடு அவர் முன்னே,
வாளியோடு நான் பின்னே.
ஊற்றியது உள்ளே இறங்கவில்லை.
நடைபாதை ஓரம் கண்ணாடித் தட்டாய் உறைந்தது.
மறுநாள் அதில் வழுக்கி விழுந்தவர் டீன்.
கணுக்கால் சுளுக்கு; என் பதிவேட்டில்
அவருக்கு மட்டும் வேறு பக்கம்.

மற்ற எல்லோருக்கும் பொன்னுக்கு வீங்கி.
பெயரில்தான் பொன்.
வந்தவர்கள் காதடியில்
பிசைந்த மாவை அப்பியது போல் இருந்தார்கள்.
முதலில் பாடகர் குழுவின் டெசா ப்ருடோம்.
பிறகு அவள் அறைத்தோழி.
பிறகு ஹாக்கி அணி:
இருபது வாய்க்கு ஒரே தண்ணீர்க் குப்பி.
"ஊசி போட்டிருக்கிறோமே" என்றார்கள்.
போட்டிருந்தார்கள், இரண்டு தவணையும்.
குடை பிடித்தவனுக்கும் முழங்கால் நனையும்.

விருந்தினர் இல்லத்தில் ஆறு கட்டில்,
ஆறு சிலுவை, ஒரு கெட்டில்.
ஆளுக்கு ஐந்து நாள்.
சமையற்கட்டுக்குச் சீட்டு அனுப்பினேன்:
வெள்ளிக்கிழமை மீனோடு எலுமிச்சை வேண்டாம்.
புளிப்பு பட்டால் தாடைக்குள் ஊசி இறங்கும்.

யார் யாருக்கு முத்தம் கொடுத்தார்கள் என்று கேட்பதும்
என் வேலைதான்.
பதில் சொல்லும்போது அவர்கள் சிலுவையைப் பார்ப்பதில்லை,
என்னையும் பார்ப்பதில்லை,
கெட்டிலைப் பார்ப்பார்கள்.

திருநீற்றுப் புதன் வந்தது.
கட்டைவிரல் கூடாது என்றேன்.
ஃபாதர் சாம்பலை எடுத்து
ரசத்துக்கு உப்புப் போடுவது போல்
உச்சந்தலைகளில் தூவினார்.
கிண்ணம் அவரோடு நின்றது.
சமாதானம் சொல்லக் கைகள் எழவில்லை,
பேருந்தில் தூங்குகிறவர்களைப் போல்
வரிசை வரிசையாய்த் தலைகள் ஆடின.
யாரோ சிரித்தார்கள். தவக்காலம் தொடங்கிற்று.

ஐந்து கட்டில் நிறைந்திருந்தது.
ஆறாவது காலி.
துப்புரவு செய்யும் யொலாண்டா வந்து சொன்னாள்:
மூன்றாம் மாடிக் குளியலறைக் குப்பையில்
வலி மாத்திரை அட்டைகள்,
உருகிப்போன ஐஸ் பை ஒன்று.
மூன்றாம் மாடியில் நாற்பத்தோரு பேர்.
கதவு கதவாய்த் தட்டினேன்.
எல்லோரும் நலம். எல்லோரும் நன்றி என்றார்கள்.

ஃபாதரிடம் கேட்டேன்.
காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரை போடாத காபியை.
நான் மறுபடி கேட்கவில்லை.
இந்த வளாகத்தில்
என் பட்டியல் நுழையாத அறை ஒன்று உண்டு,
ஊதாத் திரை தொங்கும் மரக்கூண்டு.
அதற்கு வெளியே நின்று
கோபப்படலாம். நான் பட்டேன்.

வியாழன் இரவு, பதினொன்று அடிக்கும் நேரம்,
என் கதவில் கோல்கீப்பர் எமெட் ஷிமான்ஸ்கி.
காதுவரை மப்ளர்.
"பாதிப் பரிகாரம் கோயிலில் முடிந்தது.
மீதி உங்கள் கதவில் என்று சொன்னார்."

மப்ளரை அவிழ்த்தான்.
இரண்டு பக்கமும்.
"எப்போதிருந்து?"
"திங்கள்."
"யார் யாரோடு சாப்பிட்டாய்?"
விரல் விட்டு எண்ணினான். இரண்டு கையும் போதவில்லை.
எழுதிக்கொண்டேன்.
"சனிக்கிழமை அரையிறுதி" என்றான் கடைசியில்.
"சனிக்கிழமை ஐந்தாம் நாள்" என்றேன்.
பல்லைக் கடிக்கப் பார்த்தான்.
அதற்கும் தாடை ஒத்துழைக்கவில்லை.

ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம்.
விருந்தினர் இல்லத்தில் வானொலியைச் சத்தமாய் வைத்திருந்தார்கள்.
நாலாவது கோலுக்குமேல் துக்கம் போய்
சிரிப்பு வந்துவிட்டதாம்,
சிரிக்கச் சிரிக்க வலி,
வலிக்க வலிக்கச் சிரிப்பு,
ஆறு பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.
கதவுக்கு வெளியே
தட்டுகளை வைத்துவிட்டு நின்றேன்.

மார்ச் கடைசியில் அந்தக் கண்ணாடித் தட்டு இளகியது.
தீர்த்தம் மண்ணுக்குள் போனதை
ஃபாதர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்,
ஏதோ நோயாளி எழுந்து நடந்தது போல.
டீன் மட்டும் இன்றுவரை
நூலகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.