கலந்த பின் நாற்பது நிமிடம்

ஜுபைலில் ஏசி அறையை விட்டு வெளியே வந்தால்
மூக்குக்கண்ணாடி பனித்துவிடும்.
துடைத்தால் போச்சு.
பத்து மணிக்குள் கூலரில் ஐஸ் தண்ணீராகும்.
சட்டை முதுகில் வியர்வை
தேசப்படம் மாதிரி உப்புக்கோடு போடும்,
அலசினால் அதுவும் கரையும்.
இதையெல்லாம் நான் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை.

வால்வின் மேல் பழுப்பு.
ஈரத்துணியால் தேய்க்கிறேன்.
துணியோடு வந்தால் நேற்றடித்த புழுதி.
வராமல்,
சுரண்டச் சுரண்ட இரும்பே உதிர்ந்தால்
சிவப்புப் பேனா.

எபாக்ஸிக்கு இரண்டு டின்.
தனித்தனியே மாதக்கணக்கில் சும்மா கிடக்கும்.
கலந்துவிட்டால் அடுப்பில்லாமல் சுடும்,
கையுறைக்குள்ளும் தெரியும்.
நாற்பது நிமிடம். அதற்குள் பூசிவிட வேண்டும்.

அன்றைக்கு பெர்க்மான்ஸ் கலக்கி வைத்தான்.
போன் வந்தது.
டேங்க் நிழலுக்குப் போனான்.
"ம்" என்றான்.
பிறகு வெகுநேரம்
அதைக்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது
டின்னுக்குள் பிரஷ் நட்டுக்குத்தலாய் நின்றது,
பிடித்துத் தூக்கினால் டின்னும் சேர்ந்து வந்தது.

"தின்னர் ஊத்துடா, இளகிரும்"
என்றார் ஃபோர்மேன் சுடலைமுத்து.

ஊற்றினான்.
குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
வெயிலில்
தின்னர்தான் காய்ந்து போனது.