விடைத்தாள் 0417

பூலாவ் தீக்குஸ் சந்தைக்குப் பின்னால்
மின்விசிறி கிறீச்சிடும் கோப்பிக்கடையில்
நாற்பத்து மூன்று விடைத்தாள்கள்.
பறந்துவிடாமல் இருக்க
மேலே ஒரு கிச்சாப் போத்தல்.

கேள்வி நான் எழுதியதுதான்:
இருநூறு ஆண்டுக்கு முந்திய ஆங்கிலக் கவிஞர்கள்,
அவர்களிடம் நிலைப்பதும் மாறுவதும்.
ஒப்பிடுக. இருபது புள்ளி.

திட்டமும் நான் போட்டதுதான்.
இடப்பக்கம் நிலைப்பவை: மலை, கடல், விண்மீன்.
வலப்பக்கம் மாறுபவை: பூ, முகில், இளமை,
குயிலின் தொண்டையை விட்டுப் போய்விட்ட பாட்டு.
பன்னிரண்டு ஆண்டாய் அதே திட்டம்.
அது எந்தப் பக்கத்தில் சேரும் என்று
நான் யோசித்ததில்லை.

நாற்பது பேர் மலையை மலை என்றே எழுதியிருந்தார்கள்.
சரி. சரி. சரி.
பக்கத்து மேசையில் யாரோ
கொய்த்தியாவ் உறிஞ்சும் ஓசையும்
அதே தாளத்தில்.

பிறகு 0417.
நீல மை, வலம் சாய்ந்த எழுத்து.
ஆணா பெண்ணா தெரியாது.

“எனக்கு ஐந்து வயதில்
எங்கள் ஒன்பதாம் மாடி ஜன்னலுக்குக் கீழே கடல் இருந்தது.
லோரிகள் வந்தன. இரவிலும் வந்தன.
மணல், கல், மறுபடி மணல்.
இரண்டாம் படிவத்தில் கடல் ஒரு கோடு.
இப்போது அங்கே விற்பனைக்கு வீடுகள்.
கவிஞர் கடலை நம்பி எழுதினார்.
கடலை நகர்த்தத் தெரிந்த யாரையும்
அவருக்குத் தெரியாது.
அம்மா துணி காயப்போடும்போது
இன்னமும் உப்புக் காற்றைத் திட்டுகிறார்.
அந்தத் திட்டு மட்டும் நகரவில்லை.”

அங்கேயே விடை நின்றுவிட்டது.
முடிவுரை இல்லை.
மேற்கோள் இரண்டு குறைகிறது.

கடலும் கடல் சார்ந்த இடமும் என்று
மனப்பாடம் செய்தவள் நான்.
கடல் போய்விட்டால்
சார்ந்த இடம்
எதைச் சார்ந்து நிற்கும்?

கோப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.
சிவப்புப் பேனாவால்
திட்டத்தில் கடலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
அங்கிருந்து வலப்பக்கத்துக்கு ஓர் அம்பு.
கை மலைமேலும் ஒரு கணம் நின்றது.
பாயா தெருபோங் பக்கம் அதையும் செதுக்குகிறார்கள்.
அது அடுத்த ஆண்டு.

பதினாறு போட்டேன்.
அடித்துப் பதினேழு ஆக்கினேன்.

தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தபோது
கழுத்தில் பிசுபிசுப்பு.
“சே, இந்த உப்புக் காற்று” என்றேன்,
கடல் இப்போது
எத்தனை தெரு தள்ளி இருக்கிறது
என்று தெரியாமலே.