அங்கே என்ன இருக்கிறது என்கிறாய்

தொலைபேசியில் கேட்டாய், பாலின்ட்,
கோடை விடுமுறைக்கு உங்கள் ஊருக்கு வந்து
என்னத்தைப் பார்ப்பது என்று.
புதாபெஸ்ட்காரன் கேட்க வேண்டிய கேள்விதான்.
படகில் ஆள் ஏறிவிட்டது,
கம்பியை இழுக்க இரண்டு கையும் வேண்டும்,
வைத்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன்.
ஜூன் பிறந்தால் மின்கம்பத்து உச்சியில்
நாரைக் குஞ்சுகள் எழுந்து நிற்கப் பழகும்.
அதைப் பார்க்கவென்றே மளிகைக்கடை எமேஷே
நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டுவிடுவாள்.
மீதிச் சில்லறையை நாமே எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும்.
வெள்ளக்கரைமேல் மிதிவண்டி விடலாம்:
ஒரு பக்கம் கோதுமை, ஒரு பக்கம் வில்லோ காடு,
ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது,
எதிர்க்காற்று மட்டும் உண்டு, அது இலவசம்.

வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு நின்றபடி
இருவர் சதுரங்கம் ஆடுவார்கள்.
நாலு வருடமாக ஒரே ஆட்டமோ என்று எனக்குச் சந்தேகம்.
குளத்து வாசலில் லாங்கோஷ் பொரிப்பார்கள்,
முகம் அகலத்துக்கு ஒரு ரொட்டி,
பூண்டுத் தண்ணீர் தடவி, புளித்த பாலேடு வழிய வழிய.
சட்டையில் சொட்டாமல் தின்றவன்
இந்த ஊர்க்காரன் இல்லை.

கொசுவைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.
இருக்கிறது. புது ரத்தத்தைத்தான் முதலில் தேடும்.

ஜூலையில் தண்ணீர் வடிந்து
ஆற்றின் நடுவே மணல்திட்டு முதுகு காட்டும்.
மேசை, நாற்காலி, மீன்குழம்புச் சட்டி
எல்லாம் என் படகேறித்தான் போக வேண்டும்.
மிளகாய்ப்பொடி எத்தனை கரண்டி என்பதில்
ஒர்ஷியும் அவள் கணவனும் வருடம் தவறாமல்
பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்,
குழம்பு கொதிக்கும் வரைக்கும்.

இத்தனை சொல்லியும்
ரயில் டிக்கெட் எடுக்க உனக்குக் கை வராது.
சரி, போன செவ்வாய்க்கிழமையைக் கேள்.

மாலை ஏழேகால்.
அன்றைக்கு எத்தனையாவது நடையோ, எண்ணவில்லை.
படகில் புளிச்செர்ரிப் பெட்டிகளோடு வெந்தெலின் வண்டி,
இரண்டு மிதிவண்டி,
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
அக்கரை மருந்துக்கடைக்குப் போகிற தபால்காரர்,
ஒரு காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு
சண்டை போடுகிற ஜோடி.

நடு ஆறு.
முதலில் ஒன்று.
என் மணிக்கட்டில் உட்கார்ந்து
ஈர உடுப்பைக் கழற்றுவதுபோலத் தோலைக் கழற்றி
என்னிடமே விட்டுவிட்டுப் பறந்தது.
பிறகு நூறு.
பிறகு எண்ணிக்கைக்கு வேலை இல்லை.
திஸாப் பூ என்பது இங்கே அதன் பெயர்,
பூவல்ல, பூச்சி.
மூன்று வருடம் ஆற்றடிக் களிமண்ணில் கிடந்துவிட்டு
ஒரே ஒரு மாலைக்காக மேலே வரும்.
தின்னாது. அதற்கு நேரம் இல்லை.
தண்ணீர்த் தோல் முழுக்க மஞ்சளாய்த் துடித்தது,
ஆறே எழுந்து போய்விடும் போல.

நான் கம்பியை விட்டேன்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கார்க் கண்ணாடி இறங்கியது, முதலில் அவள் பக்கம்.
வெந்தெல் ஒரு பெட்டியைத் திறந்து நீட்டினார்.
கொட்டையை ஆற்றில் துப்பாதீர்கள், அதுகள்மேல் விழும்
என்று யாரோ சொல்ல,
எல்லோரும் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கி
பேசவும் முடியாமல் நின்றோம்.
தபால்காரர் ஒருவருக்குத்தான் வாய் காலி.
அவரும் பேசவில்லை.

அக்கரையில் காத்திருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.
கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

இருட்டும்போது
களத்துப் பதர்போல அவற்றை
நீர் அள்ளிக்கொண்டு போயிற்று.
அடியில் மீன்கள் உறிஞ்சும் சத்தம் கேட்டது.
மருந்துக்கடை அதற்குள் மூடியிருந்தது.
திரும்பி வர இன்னொரு டிக்கெட்டா என்றார் தபால்காரர்.
இதே டிக்கெட்தான், உட்காருங்கள் என்றேன்.

நீ வரும்போது இது நடக்கும் என்று
கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்.
அதற்குத் தேதி கிடையாது.
பலகையில் செர்ரிக் கறை மட்டும் இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை.
வருவதானால் வெள்ளைச் சட்டை வேண்டாம்.
கடைசிப் படகு எட்டரைக்கு.
சில நாள் ஒன்பதரைக்கு.