ஒன்றரை விரற்கடை

மே மாதம் இரண்டாம் வாரம்.
வேதாரண்யத்துக்குத் தெற்கே சதுப்பு காய்ந்து
வெள்ளைத் தகடாகக் கிடந்தது.
வளையாமல் ஓட அவ்வளவு இடம்
ஜில்லாவில் வேறு யாருக்கும் தேவைப்படவில்லை.

பின்னச்சுக்கு ஸ்பிரிங்கே வேண்டாம் என்றாள் தையல்நாயகி.
ஓட்டப்போகிறவள் அவள்.
"முறுக்கினால் பின்பக்கம் உட்காரும், மூக்குத் தூக்கும்,
மூக்குக்கு அடியில் காற்று புகும்.
அப்புறம் நான் ஓட்டுவது வண்டியில்லை, பட்டம்."
நியாயம்தான்.
அச்சை நேராகச் சட்டத்தில் வைத்துப் பற்றவைத்தேன்.

முதல் ஓட்டம்.
நூற்றுப் பதினெட்டுக்கு மேல் ஏறவில்லை.
இன்ஜின் மட்டும் கத்தியது,
கேட்க ஆளில்லாத மைக்செட் மாதிரி.
அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒன்றும் பேசவில்லை.
நான் தடத்தோடு குனிந்து நடந்தேன்.
முன்சக்கரங்களின் கோடு அறுபடவில்லை.
பின்சக்கரக் கோடு
மூன்று முழம் உண்டு, ஒரு சாண் இல்லை,
இரண்டு முழம் உண்டு, ஒரு சாண் இல்லை.
உப்பில் யாரோ ஓட்டுத்தையல் போட்டதுபோல.
அந்த இல்லாத சாண்களிலெல்லாம்
சக்கரம் அந்தரத்தில் சுற்றிப் பெட்ரோலைத் தின்றிருக்கிறது.

லேத்துக்கார ஜெகபர் ஒரு பட்டைவில்லைக் கொண்டுவந்து போட்டார்,
குட்டியானையில் கழற்றியது.
"ஒண்ணரை டன் தாங்கும்."
நம் வண்டியே அறுநூறு கிலோ.
காலிக் குட்டியானையின் பின்னால் உட்கார்ந்து
திருவாரூர் வரை போனவர்களைக் கேளுங்கள்,
முதுகெலும்பு பதில் சொல்லும்.
அதோடு, முறுக்கு விழுந்தால் பட்டை நெளியும்,
அச்சு தன் மூக்கைத் தானே நிமிர்த்தும்.
அவர் வில்லை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை,
கோபித்துக்கொள்ளவும் இல்லை.
இப்போது அதுதான் ஷட்டருக்கு அண்டைக்கொடுக்கிறது.

என் திட்டம் நாலு கம்பி: மேலே இரண்டு, கீழே இரண்டு,
சின்னதாய் இரண்டு காயில் ஸ்பிரிங்.
திருத்துறைப்பூண்டிப் பட்டறைத் தரையில்
சாக்பீஸால் முழு அளவில் வரைந்தேன்.
மேல்கம்பியையும் கீழ்க்கம்பியையும் முன்னோக்கி நீட்டினால்
ஓரிடத்தில் சந்திக்கும்.
அங்கே இரும்பு கிடையாது, போல்ட்டு கிடையாது.
ஆனால் சக்கரம் வண்டியைத் தள்ளுவது
அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான்.
கோட்டை நீட்டிக்கொண்டே போனேன்.
வண்டியின் மூக்கைத் தாண்டி, ஷட்டரைத் தாண்டி,
சாக்கடைச் சிலாப்பைத் தாண்டி
புள்ளி ரோட்டில் விழுந்தது.
வேதாரண்யம் பஸ் அதன்மேல் ஏறிப் போனது.
"ரொம்ப தூரம்" என்றார் ஜெகபர்.
மேல்கம்பியின் முன்முனையை ஒரு துளை கீழே இறக்கினேன்.
புள்ளி ரோட்டைவிட்டு
தையல்நாயகியின் செருப்புக்கு அருகே வந்து நின்றது.

"எவ்வளவு ஆடும்?"
"ரெண்டு விரற்கடை."
"ஒண்ணு."
"மட்டக்குழாய் வச்சு அளந்திருக்கேன். அந்த உப்புத் தரை
ஒண்ணே கால் ஏறி இறங்குது."
மீன் பேரம்போல ஒன்றரையில் முடிந்தது.
அதற்கு மேல் போகாமல் ரப்பர் கட்டை வைத்தேன்.

பாரத்துக்கு ஈயம் வாங்கக் காசில்லை.
அளத்துக்காரர் வேதரத்தினம்
மூன்று உப்பு மூட்டை கொடுத்தார்.
எதற்கென்று கேட்கவில்லை,
திரும்பி வருமா என்று மட்டும் கேட்டார்.
பின்னச்சுக்குமேல் வைத்துக் கயிற்றால் இறுக்கினோம்.

இரண்டாம் ஓட்டம், விடியற்காலை,
சோழகக் காற்று எழுவதற்கு முன்.
நூற்று நாற்பத்தொன்று.
மறுபடி நடந்தேன்.
சாண் இடைவெளிகள் நாலு விரலாகியிருந்தன.
போகவில்லை.
பாதி தூரத்தில் ஒரு மூட்டை கிழிந்து
தடத்தின் ஓரமாக
உப்பின்மேல் உப்பு சிந்தியிருந்தது.

"இன்னும் அரை விரற்கடை கொடு" என்றாள்,
ஸ்பிரிங்கே வேண்டாம் என்றவள்.
அன்று மாலையே ரப்பரைச் சீவினேன்.
பிராக்கெட்டில் இன்னொரு துளை போட்டுக்கொண்டிருந்தபோது
ஜெகபர் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து
டிரில் பிளக்கைப் பிடுங்கினார்.
இடி எங்கோ கோடியக்கரைப் பக்கம்.
காலையில் போய்ப் பார்த்தோம்.
கணுக்கால் தண்ணீர்,
நேற்று நான் நடந்த இடத்தில்
இரண்டு உள்ளான் குருவிகள்.

துளை பாதியில் நிற்கிறது.
பிசிரைக்கூட இன்னும் தேய்க்கவில்லை.