முழுக்கக் கிறுகுதல்

அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்,
அரிசி உரப்பைக்குள் போட்டு.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான்.

விற்றவன் ஜாரூன். அடுத்த கிழமை ருமேனியா.
'பதினாலாயிரம், ராத்தா. குறைக்க ஏலாது.
கிளட்ச் இல்லை. சீடி துலைஞ்சு போச்சு.
அக்ஸிலேட்டர் இடைக்கிடை துள்ளும்.'
எல்லாக் குறையையும் சொல்லி விற்கிறவனிடம்
எப்படிப் பேரம் பேசுவது?

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு மேசை பிளாஸ்டிக்.
கவ்வி எவ்வளவு இறுக்கியும் ஆடியது;
அறுந்த செருப்பில் ஒரு துண்டு வெட்டி
இடையில் செருகினேன்.
மிதிகட்டை டைல்ஸில் வழுக்கிச் சுவர்வரை போனது,
பின்னால் பத்துக் கிலோ நாட்டரிசியைச் சாத்தினேன்.
ஆளியைப் போட்டதும்
தானாகவே கிறுகியது அது,
இடப்பக்கம் முட்ட, வலப்பக்கம் முட்ட,
பிறகு நடுவுக்கு வந்து நின்றது.
பூனை அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது.
நான் அப்போதுதான் பிஸ்மி சொன்னேன்.

கணினிக்கு மூன்று இரவு அது யாரென்றே தெரியவில்லை.
முதலில் மென்பொருள், பிறகு வயர்.
வயரை முந்திச் செருகினால்
ஆயுளுக்கும் அந்நியம்தான்.
(எங்கள் மாமிக்கும் இப்படி ஒரு ஒழுங்கு உண்டு.)
நாலாம் இரவு படம் வந்தது.
அதில் சில்லு இருநூறு பாகை மட்டும் சுற்றியது;
நான் தும்மினாலே கார் மதிலில்.
தொள்ளாயிரமாக்கினேன்.
முழுசாக இரண்டரைச் சுற்று,
நிஸ்வானின் கோழி வேனுக்குக் கிட்டத்தட்டச் சமன்.

ஒரு கட்டத்தில் யாரோ சரி போட்டு வைத்திருந்தார்கள்,
முடுக்கியும் பிரேக்கும் ஒரே கோடு என்று.
இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஒன்றை ஒன்று தின்று
கார் சும்மா நிற்கும்.
அம்பாறையில் இரண்டாம் முறை பரீட்சையில்
நான் நின்ற மாதிரி.
அந்தச் சரியை எடுத்தேன்.

துள்ளலுக்குக் காரணம் உள்ளே உப்பும் தூசும்.
ஆஸ்பத்திரி லேபில் இருந்து ஸ்பிரிட் கொஞ்சம்,
பஞ்சு கொஞ்சம்.
இரத்தம் எடுக்குமுன் துடைப்பேனே,
அதே இரண்டு தடவை.

நடுவில் ஒரு செத்த இடம் உண்டாம்,
கிறுகினாலும் ஒன்றும் நடக்காத இடம்.
பூச்சியமாக்கிப் பார்த்தேன்.
கை நடுக்கம் முழுதும் ரோட்டில் தெரிந்தது.
மூன்று வீதம் விட்டுவைத்தேன்,
நடுக்கத்துக்கென்று.

மறுகா, ஓட்டம்.
மலைநாடு ஒன்று. இருபது கார்.
பத்தொன்பதும் போய்விட்டன,
நான் நாற்பதில்.
வளைவு வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது.
மாளிகைக்காட்டில் அந்த இடத்தில்
மாடு படுத்திருக்கும்.
இங்கே மாடில்லை, ஹோர்ன் இல்லை,
சிக்னல் போட ஒரு கொம்பும் இல்லை.
நான் வாயால் 'இடது' என்று சொல்லித் திரும்பினேன்.

மூன்றாம் சுற்றில் நிறுத்தினேன்.
ஓரமாக டயர் அடுக்குகள், இடைவெளி விட்டு இரண்டு.
கம்பத்துக்குக் கம்பம் அதே அளவு,
ஒருவேளை கொஞ்சம் கூட.
ரிவேர்ஸ் போட்டேன்.
'பிழையான திசை' என்று திரையெங்கும் சிவப்பு.
இடித்தேன்.
முன்னுக்கு எடுத்து மறுபடி.
இடித்தேன்.
பத்தொன்பது பேரும் என்னைச் சுற்றிப் போனார்கள்,
இரண்டாம் தரம்.
முழுக்கக் கிறுகி, அரைவாசி விட்டு, நேராக்கி…
பின்பக்கம் மெல்ல உள்ளே போனது.
கையை விட்டேன்.
சில்லு தானே நடுவுக்கு வந்தது.

'தகுதி நீக்கம்' என்றது எழுத்து.
சாமம் ஒன்றரை. நிஸ்வான் கண்ணைக் கசக்கிக்கொண்டு
வாசலில் நின்றான்.
'எத்தினையாவதா வந்த?'

'வரல்ல' என்றேன்.
'பார்க் பண்ணின.'

அவன் திரையைப் பார்த்தான், டயர்களைப் பார்த்தான்,
அரிசி மூட்டையைப் பார்த்தான்.
'நாளைக்குச் சோறாக்க அரிசி எங்கே எண்டு தேடின,'
என்றுவிட்டுப் படுக்கப் போனான்.

திங்கள் அம்பாறை. ஆறரை பஸ்.
இன்னும் ஒருமுறை,
இம்முறை வலப்பக்கத்தால்.