காயாத சாலை

சோலூர்மட்டத்தில் ஜூலையில் எதுவும் காயாது.
திங்களன்று தீட்டிய பச்சை
வியாழன் வரை பிசுபிசுத்தது.
கொடியில் ஓவியங்கள்,
நடுவே யாருடையதோ ஒற்றைக் காலுறை.

பயிற்சிக் கையேட்டில் 'இழைநயம்' என்றிருந்தது.
கரும்பலகையில் எழுதினேன்.
முப்பத்தொரு கண்கள் அதைப் பார்த்தன
(ஜெர்வினுக்கு ஒரு கண்ணில் கட்டு).
அழித்துவிட்டேன்.

வெளியே போய் ஆளுக்கொன்று
தொட்டுவிட்டு வாருங்கள்,
அட்டையை மட்டும் தொடாதீர்கள் என்றேன்.
கையிலிருந்த வரைபட அட்டையைப்
பொத்தென்று கீழே போட்டான் மிதுல்.

கற்பூரமரப் பட்டை சொரசொர.
தொட்டிப் பாசி வழவழ.
சில்வர் ஓக் இலை மேலே மொழுமொழு,
அடியில் மெத்துமெத்து.
சத்துணவுக் கூடத்து ரவை நறநற.
ஜெர்வின் எங்கும் போகவில்லை;
தன் கட்டையே தொட்டுப் பார்த்து
பொசுபொசு என்றான்.

அப்போதுதான் கவனித்தேன்,
எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்கிறோம்.
விரல் ஒரு தரம் போகிறது,
ஒரு தரம் திரும்பி வருகிறது.

ஜார்கண்டிலிருந்து வந்து
ஏழு வாரமே ஆன சுக்மணி
பட்டையைத் தடவி ஏதோ சொன்னாள்.
அதுவும் இரண்டு தரம்.
நாக்கில் நிறுத்திவைக்கப் பார்த்தேன்.
மணி அடித்தது. போய்விட்டது.

பிறகு வண்ணம்.
பச்சையில் ரவையைக் கலந்து சீப்பால் கீறினால்
வரிசை வரிசையாகத் தேயிலைத் தோட்டம்.
முட்டைக்கோஸ் இலையை ஒற்றி எடுத்தால்
நரம்பெல்லாம் ஓடை.
தேயிலைத் தூளைப் பசையில் குழைத்து
சுக்மணி சாலை போட்டாள்;
வகுப்பு முழுக்க ஃபாக்டரி வாசனை.
மிதுல் எதையும் சேர்க்கவில்லை.
ஈரத் தாளைக் கிழியும் வரை தேய்த்தான்.
"எங்க வீட்டுக் கூரை மிஸ். ஒழுகுது."
அதையும் சுவரில் மாட்டினேன்.

வியாழனன்று அதிகாரி வந்தார்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.
எல்லாவற்றுக்கும் ஒரே அளவில்
"நல்லாயிருக்கு" என்றார்.
சுக்மணி அவர் சட்டைக் கையை இழுத்து
தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் சொன்னாள்:
"சொரசொர."

அவர் குனிந்தார்.
கொண்டை ஊசி வளைவில் விரலை வைத்து
மெதுவாக இழுத்தார்.
சாலை காய்ந்திருக்கவில்லை.

கைக்குட்டையில் துடைத்தார்.
மோந்து பார்த்தார். தேயிலையா என்றார்.
பதிவேட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றார்.
கையேட்டுச் சொல்லையே எடுத்துக் கொடுத்தேன்.

இன்று வெள்ளி.
அவர் விரல் சறுக்கிய வழவழ இடத்தில்
இரண்டு கொம்பு, நான்கு வெள்ளைக் கால்.
காட்டெருமை சாலையைக் கடக்கிறது.
ஒரு ஜீப் நின்று வழிவிட்டிருக்கிறது.

ஜீப்பை நான் இன்னும் தொடவில்லை.
அது காலையில்தான் தீட்டியது.